போதகரிடம் 'முடியாது' என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது, "நான் இங்கே பேசுறது வெளியே யாருக்காவது தெரியுமா?" என்றுதான். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது, ஏன் இவ்வளவு பயம் என்று நான் கேட்டேன்.

கணவரோடு இருந்த ஒரு மனக்கசப்பைத் தன் சபைப் போதகரிடம் தனிமையில் சொல்லி ஜெபிக்கக் கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பிரசங்கத்தில் அது வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை. "இந்தச் சபையில ஒரு சகோதரி இருக்காங்க, வீட்டுக்காரருக்கு அடங்கமாட்டாங்க" என்று தொடங்கி, அவர் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தே போதகர் பேசியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கும் அவர் எழுந்து போகவில்லை. கூட்டம் முடிந்ததும் போதகரிடம் போய், "கர்த்தர் எனக்காகவே பேசினார் ஐயா" என்று நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் இதைச் சொல்லும்போது அந்த நன்றிக்காகத்தான் அதிகம் அழுதார்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இதே கதையை வேறு வேறு குரல்களில் பலமுறை கேட்டுவிட்டேன். வந்தவர்கள் படிப்பறிவில்லாதவர்களோ ஏமாளிகளோ அல்ல. பெரும்பாலும் சபைக்காக ஓடி ஓடி உழைத்தவர்கள், விசுவாசத்தில் உண்மையானவர்கள். அவர்களுடைய விசுவாசத்தை நான் குறைசொல்ல வரவில்லை. கண்டிப்பான போதகர் எல்லாரும் கொடுமைக்காரரும் அல்ல. பாவத்தைப் பற்றிக் கடுமையாகப் பிரசங்கிப்பது வேறு. நீங்கள் யாரோடு பேசலாம், எந்த வேலைக்குப் போகலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம், எவ்வளவு காணிக்கை கொடுக்கவேண்டும் என்பதையெல்லாம் தேவன் பெயரால் ஒரு மனிதர் முடிவு செய்வதும், நீங்கள் மறுத்தால் தேவனையே மறுத்ததாக ஆக்குவதும் வேறு. இரண்டாவதைத்தான் ஆன்மிகக் கொடுமை என்கிறேன்.

இது ஏன் இவ்வளவு ஆழமாகப் பிடிக்கிறது? "இப்படிச் செய்" என்று ஒருவர் சொன்னால் வாதாடலாம். "இப்படிச் செய்யும்படி கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்றால் யாரோடு வாதாடுவது? பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் பயம். சபையை விட்டுப் போனவருக்கு விபத்து நடந்தது, காணிக்கையை நிறுத்தியவர் தொழில் விழுந்தது என்று மேடையில் கதைகள் வரும். பயந்து போய் நின்றால் அதே கை தலைமேல் வந்து ஜெபிக்கும், மனம் லேசாகும். பயம் கொடுத்தவரே நிம்மதியும் கொடுக்கும்போது, அவரில்லாமல் வாழவே முடியாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வீட்டில் அடி வாங்கும் மனைவிகளிடமும் இதே பிணைப்பை நான் பார்க்கிறேன்.

மூன்றாவது, ரகசியங்கள். 1950களில் சீனாவில் நடந்த மூளைச்சலவையை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், ஆளை முழுதாகக் கட்டுப்படுத்தும் குழுக்களின் 8 அடையாளங்களை 1961இல் எழுதினார். ஓயாமல் பாவ அறிக்கை கேட்டு வாங்குவது அதில் ஒன்று. சொன்னவருக்கு மனபாரம் குறையும். கேட்டவர் கையிலோ ஒரு கடிவாளம் சேரும்.

'இந்த அளவுக்கு எங்கள் சபை மோசமில்லை' என்று பலர் சொல்வார்கள். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்க நாடான கயானாவின் ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகரின் பேச்சைக் கேட்டு அவருடைய சபையைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் விஷத்தால் இறந்தார்கள். அந்தச் சபை 1950களில் எப்படித் தொடங்கியது தெரியுமா? கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து ஆராதித்த, ஏழைகளுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்ட சபையாக. கொடுமையைத் தேடி யாரும் போய்ச் சேர்வதில்லை. நல்லதைப் பார்த்துத்தான் சேர்கிறார்கள். அதனால்தான் பிற்பாடு வருகிற கெட்டதை நம்ப மனம் வருவதில்லை.

வசனங்களைப் பற்றியும் சொல்லவேண்டும், என்னிடம் வருகிறவர்களின் வாயை அதிகம் அடைத்திருப்பது அவைதான். "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்பது முதலில் வரும். 105ஆம் சங்கீதத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். அங்கே அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் எண்ணிக்கையில் சொற்பமான, நாடு நாடாகத் திரிந்த பரதேசிகள். எச்சரிக்கப்படுகிறவர்கள் ராஜாக்கள். எளியவரைக் காக்கச் சொன்ன வார்த்தையை எடுத்து, அதிகாரத்தில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்கிறார். தாவீது ராஜாவும் அபிஷேகம்பண்ணப்பட்டவன்தான், அவன் பாவத்தை நாத்தான் தீர்க்கதரிசி அவன் முகத்துக்கு நேரே சொன்னான். தப்பு செய்த பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. கேள்வி கேட்பது கலகம் என்றால் இவர்களை எங்கே வைப்பது?

அடுத்தது மத்தேயு 18. "பிரச்சினை இருந்தா என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கணும், அதுதான் வேதம்" என்பார்கள். சகோதரன் சகோதரனிடம் போவதைப் பற்றிய பகுதி அது. ஒருவர் கையில் மைக்கும் கணக்கும் மூப்பர்களும் இருந்து, மற்றவர் கையில் ஒன்றுமே இல்லாதபோது, தனி அறைக்குப் போவது ஆபத்து. அதே பகுதி அடுத்த படியாக, இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகவும் சொல்கிறது. துணை இல்லாமல் போகாதீர்கள்.

பாலியல் அத்துமீறல், குழந்தைக்கு நடந்த கொடுமை, அடி, பண மோசடி என்றால் போதகரிடம் முதலில் போகவே கூடாது. நேராகக் காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ போங்கள். முன்னதாகப் போய்க் கேட்டால், சாட்சியை மிரட்டவும் தடயத்தை அழிக்கவும் அவருக்கு நேரம் கொடுத்ததாகிவிடும். 2018இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வெளியான விசாரணை அறிக்கை, 300க்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் குருமார்களால் பாதிக்கப்பட்ட 1,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பேசியது. சபைத் தலைமை தனக்குள்ளேயே மூடி மறைத்ததால் பல ஆண்டுகள் அது வெளியே வரவில்லை. 'சபையின் மானம்' என்று யாராவது தொடங்கினால் அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருவோம். போதகரைப் பார்த்துப் பேசியே தீரவேண்டும் என்றார். நான் உடனே சம்மதிக்கவில்லை. முதலில் சின்னதாக ஒரு 'முடியாது' சொல்லிப் பாருங்கள் என்றேன். புதன்கிழமை உபவாச ஜெபத்துக்குச் சமைக்கும் பொறுப்பு அவருடையது. "இந்த வாரம் என்னால முடியாதுங்க ஐயா" என்று மட்டும் செய்தி அனுப்பினார், காரணம் சொல்லவில்லை. அன்று இரவுக்குள் 7 அழைப்புகள், பாஸ்டரம்மாவிடமிருந்து ஒரு நீண்ட குரல் செய்தி, "உங்க ஆவிக்குரிய நிலைமை சரியில்லை" என்று. ஒருவேளைச் சமையலுக்கு இவ்வளவு! போதகர் எப்படிப்பட்டவர் என்று அறிய இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. நல்ல மேய்ப்பர் "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்பார்.

பேசப் போவதற்கு முன், போதகர் கையில் இவருடையது எது எது சிக்கியிருக்கிறது என்று பார்த்தோம். சபை நடத்தும் பள்ளியில் பிள்ளை, சபைக்காரர் வீட்டில் வாடகை, சபையில் வாங்கிய கடன் என்று ஏதாவது இருந்தால் முதலில் அதிலிருந்து வெளியே வாருங்கள். பேச்சு அப்புறம். நடந்ததைத் தேதி போட்டு, சொன்ன வார்த்தையிலேயே, யார் யார் இருந்தார்கள் என்பதோடு எழுதி வையுங்கள். செய்திகளையும் காணிக்கை ரசீதுகளையும் பிரதி எடுத்து, சபைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்.

அப்புறம் ஒத்திகை. நான் போதகராக உட்கார்ந்தேன். அவர் சொல்லவேண்டியது இரண்டே வாக்கியம்: "ஐயா, நான் தனியா சொன்னதை நீங்க மேடையில பேசினது தப்பு. இனி என் குடும்ப விஷயம் எதையும் உங்ககிட்ட பேசமாட்டேன்." முதல் தடவை, "மன்னிச்சிடுங்க ஐயா" என்று தொடங்கினார். அதை எடுத்துவிடுவோம் என்றேன். அடுத்த தடவையும் அது வந்தது. அந்த இரண்டு வார்த்தைகள் போக மூன்று வாரம் ஆனது.

எதிர்த்தரப்பு என்ன செய்யும் என்பதையும் ஒரு தாளில் எழுதினோம். தப்பைச் சுட்டிக்காட்டும்போது தப்பு செய்தவர் மறுப்பார், தாக்குவார், கடைசியில் தானே பாதிக்கப்பட்டவராகிவிடுவார். உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997இல் இந்த வரிசைக்கு 'டார்வோ' என்று பெயர் வைத்தார்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். உட்கார்ந்ததும் போதகர், "முதல்ல ஜெபிப்போம்" என்று கண்ணை மூடியிருக்கிறார். இதையும் எதிர்பார்த்திருந்தோம். அந்த ஜெபத்தில் 'இந்தச் சகோதரியைக் கட்டியிருக்கிற கலக ஆவி' வந்துவிட்டால், பேசத் தொடங்கும் முன்பே தோற்றாகிவிடும். "பேசி முடிச்சிட்டு ஜெபிக்கலாம் ஐயா" என்றிருக்கிறார். பிறகு அந்த இரண்டு வாக்கியம். "நான் பொதுவாத்தான் சொன்னேன்" என்றார் போதகர். அப்புறம் "பிசாசு உங்க காதுல பேசுறான்". கடைசியில் கண் கலங்க, "இந்த ஊழியத்துக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன், எனக்கே இப்படியா?" தாளில் எழுதிய வரிசை மாறவில்லை. அவர் மனந்திரும்பவில்லை, அந்த எதிர்பார்ப்போடு நாங்கள் அனுப்பவுமில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்து வருடத் தோழி பேசுவதை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவில் என்னை அழைத்து, "இது சாபமா?" என்று கேட்டார். வருடக்கணக்கில் ஊட்டிய பயம் ஒரே நாளில் போகாது, தெர்மாமீட்டரைப் பார்க்கும்போதும் வரும். பயம் வருவதால் சாபம் இருக்கிறது என்று ஆகாது. டாக்டரிடம் காட்டினார், மூன்று நாளில் சரியாகிவிட்டது. உங்களுக்குத் தூக்கமே இல்லை, பழைய சபைப் பாட்டைக் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்க முடியாமலே சிலர் அந்தச் சபைக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் வேறொரு சபைக்குப் போனார். கதவுக்குப் பக்கத்தில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாராம். கூட்டம் முடிந்ததும் அந்தச் சபைப் போதகர் வந்து பேரும் போன் நம்பரும் கேட்டிருக்கிறார்.

"இப்போ வேண்டாம் ஐயா" என்றாராம்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாராம்.