ரேட் கம்மியா போட்டா மட்டும் டெண்டர் கிடைக்காதுங்க

போன வாரமும் என்கிட்ட ஒரு மேசன் பாஸ் வந்தாரு, இலங்கை மலையகத்துல பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கிறவர், கையில டெண்டர் கிடைக்கலன்னு வந்த லெட்டர். தண்ணி ஓடுற கான் கட்டுறது, கொங்கிறீட் பாதை போடுறதுல கெட்டிக்காரர். டெண்டர் திறந்த அன்னைக்கு விலை வாசிச்சப்ப இவருதுதான் எல்லாத்தையும் விடக் குறைவு, உடனே ஊருக்குப் போய் ஆள் பேசி சீமெந்துக்கு அட்வான்ஸும் குடுத்துட்டாரு. கடைசில இவரை விடக் கூடுதலா விலை போட்ட ஆளுக்கு வேலை போயிருச்சு. "காசு விளையாடியிருக்கு மிஸ்"ங்கிறாரு. ஃபைலை வாங்கிப் பார்த்தேன். டெண்டர் 91 நாள் செல்லுபடி, டெண்டரை இடையில விட்டுட்டுப் போக மாட்டார்னு பேங்க் எழுதிக் குடுக்கிற பேங்க் கேரண்டி அதுக்கு மேல 28 நாள், ஆக 119 நாள்னு டெண்டர் பத்திரத்துலயே இருக்கு. இவர் குடுத்த கேரண்டி 91ம் நாளோட முடியுது. பேங்க்காரங்களைக் குறை சொல்ல முடியாது, இவர் கேட்டதைத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க.

இதே மாதிரி எத்தனை பேருக்குத்தான் சொல்றது!

குறைஞ்ச விலைக்காரனுக்குத்தான் வேலைங்கிற நம்பிக்கையை முதல்ல விடுங்க. டெண்டர் மூடின உடனே எல்லார் முன்னாலயும் உறையை உடைச்சு விலையை வாசிக்கிறாங்களே, அது வெறும் வாசிப்பு, முடிவு இல்ல. அதுக்கப்புறம் மதிப்பீட்டுக் குழு உட்கார்ந்து ஃபைலைத்தான் முதல்ல பார்க்கும், கையெழுத்து இருக்கா, கேரண்டி சரியா, சீடா (CIDA, கட்டுமானத் தொழிலைப் பார்க்கிற அரசாங்க அதிகார சபை) கொந்தராத்துக்காரருக்குக் குடுக்கிற கிரேட் கேட்டபடி இருக்கா, பழைய வேலைக்கு லெட்டர் இருக்கான்னு. அதுல தேறினவங்களுக்குள்ளதான் விலையை ஒப்பிடுவாங்க, தேறாதவர் சும்மா செஞ்சு தாறேன்னு எழுதியிருந்தாலும் பிரயோசனம் இல்ல. அப்பவும் கூட்டலைத் திருத்துவாங்க. யூனிட் ரேட்டும் மொத்தமும் ஒத்து வரலைன்னா யூனிட் ரேட்தான் நிக்கும், அந்த ரேட்டைக் குறைச்சுத் தப்பா எழுதிட்டு மொத்தத்தை மட்டும் சரியா எழுதி நட்டப்பட்டவங்க இருக்காங்க.

பேங்க் கேரண்டி நம்ம ஆட்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடையாது, பேங்க்ல ஈடு வைக்க ஒண்ணுமில்ல, அதனால காசைக் கட்டித்தான் கேரண்டி எடுக்கணும், அந்தக் காசு வீட்டுக்காரம்மா நகையை அடகு வச்ச காசு. அப்படி எடுத்த கேரண்டி ஒரு தேதியால வீணாப் போறதைப் பார்க்க எனக்கு வயிறு எரியுது. டெண்டர் கிடைக்கலைன்னாலும் கேரண்டியைப் போய்க் கேட்டுத் திருப்பி வாங்கி பேங்க்ல குடுங்க, அதைக் கூட செய்யாம சில பேர் அடகு நகைக்கு வட்டி கட்டிட்டு இருக்கிறாங்க.

ஊழலே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆனா தள்ளிவிட ஒரு காரணத்தை நாமளே எடுத்துக் குடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தா ஏன் கிடைக்கலன்னு எழுத்துல கேளுங்க, பதில் வரலைன்னா 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. தேத்தண்ணிக் கடையில உட்கார்ந்து கத்துறதுல ஒண்ணும் ஆகாது.

தோட்டத்துக்குள்ள நம்ம உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை தாராளமா காசு செலவழிக்க, 2018ல பிரதேச சபைச் சட்டத்தோட 33ம் பிரிவைத் திருத்தினப்புறம்தான் வழி திறந்துச்சு. இப்ப நம்ம லயத்துப் பாதையே டெண்டருக்கு வருது, அதை வெளியூர் கொந்தராத்துக்காரர் எடுத்து நம்ம பிள்ளைகளையே நாள் கூலிக்கு வைக்கிறாரு. எப்படிங்க பொறுக்கிறது?

வருசக் கடைசியில அடுத்த வருசத்துக்கு சப்ளையர் பதிவு செய்யச் சொல்லி பேப்பர்ல விளம்பரம் வரும், அதைத் தவற விடாதீங்க. வேலை 50 லட்சம் ரூபாய்க்கு மேல போனா பொது ஒப்பந்தப் பதிவு வேணும். பத்திரத்துல எங்க வெட்டித் திருத்தினாலும் பக்கத்துல கையெழுத்து வைங்க. தோட்ட முகவரி மட்டும் குடுத்தா லெட்டர் தோட்டக் கந்தோர்லயே கிடக்கும், டவுன்ல நம்பிக்கையான கடை முகவரியும் போன் நம்பரும் குடுங்க.

தயவுசெஞ்சு டெண்டர் மூடுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஓடி வராதீங்க. பத்திரம் வாங்கின அன்னைக்கே கொண்டு வாங்க, தமிழ்ல வாசிச்சு சொல்றேன், அதுக்கு நான் காசு வாங்குறதில்ல.