ஐந்தரை சென்டிமீட்டர் இறக்கம்: அட்வென்ச்சர் பைக்கை உங்கள் எடைக்கு அமைப்பது எப்படி?

கரடுமுரடான பாதையிலும் போகக்கூடிய அட்வென்ச்சர் பைக் தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது குதிரைத்திறனைத்தான். சரளைக் கல் சாலையில் மணிக்கு 30, 40 கிலோமீட்டரில் போகும்போது அதற்கு வேலை குறைவு. அங்கே வண்டியைக் காப்பாற்றுவது சக்கரத்தின் விட்டமும், சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரமும், அந்த நகர்வை உங்கள் எடைக்கு ஏற்ப அமைத்திருக்கிறீர்களா என்பதும்தான்.

முதல் இரண்டும் குறைந்த விலை வண்டிகளிலேயே இருக்கின்றன. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 19 குதிரைத்திறன், 160 கிலோ. முன்சக்கர நகர்வு 190 மி.மீ., பின்சக்கரம் 170. 2016-ல் வந்து 2023-ல் நிறுத்தப்பட்ட ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 சுமார் 24 குதிரைத்திறன், 200 கிலோவை ஒட்டிய எடை. நகர்வு 200, 180. சாதாரண 150 சிசி வண்டியில் முன்சக்கரம் 130 மி.மீ. அளவுக்கே நகரும்.

இரண்டு வண்டிகளிலும் முன்சக்கரம் 21 அங்குலம். 90/90-21 டயரின் ஆரம் ஏறக்குறைய 35 செ.மீ.; சாலை பைக்குகளில் வரும் 110/70-17 டயருக்கு 29 செ.மீ. பாதையில் 10 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடக்கிறது. சக்கரம் அதன் மீது ஏறத் தேவையான கிடைமட்ட விசையைக் கணக்கிட்டால், பெரிய சக்கரத்துக்கு 14, 15 சதவீதம் போலக் குறைகிறது. ஹேண்டிலில் அடியும் குறையும்.

மூன்றாவது விஷயம் உங்கள் கையில்தான் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை.

சஸ்பென்ஷன் மேலே அமுங்கினால் மட்டும் போதாது. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மொத்த நகர்வில் சுமார் 30 சதவீதம் வண்டி தானாக இறங்கியிருக்க வேண்டும். இதற்கு ‘சேக்’ என்று பெயர். பின்சக்கர நகர்வு 180 மி.மீ. என்றால் சேக் 54 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர்.

அளப்பது எளிது. பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இருவர் பிடித்துத் தூக்கலாம். ஆக்சிலிலிருந்து (சக்கரத்தின் அச்சு) நேர் மேலே பாடியில் ஒரு புள்ளியைக் குறித்து இடைவெளியை அளங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பயண மூட்டை எல்லாவற்றோடும் ஏறி உட்காருங்கள். இன்னொருவர் வண்டியைப் பிடித்திருக்க, மூன்றாமவர் அதே இடைவெளியை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சேக். அதிகமாக இருந்தால், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவான ப்ரீலோடை, அதன் வளையத்தைத் திருகும் சி-ஸ்பேனரால் ஏற்றுங்கள். குறைவாக இருந்தால் இறக்குங்கள்.

ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. வண்டியின் உயரம் மட்டுமே மாறும். ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க, ஆள் ஏறாமல் வண்டி தன் எடையிலேயே எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள்: 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். ஆளோடு 54 சரியாக வந்து, ஆளில்லாமல் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்றால், அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. திருகித் திருகிப் பயனில்லை, கெட்டியான ஸ்பிரிங்தான் மாற்ற வேண்டும். சைலன்சர், கிராஷ் கார்டு, கூடுதல் விளக்கு என்று செலவிடுவதற்கு முன் அந்தப் பணம் இங்கே போகட்டும்.

பின்பக்கம் அதிகம் இறங்கிய வண்டியின் முன்சக்கரத்தில் எடை குறையும். வளைவில் வண்டி வெளியே ஓடும். டாப் பாக்ஸில் கனத்தை அடைத்தால் இது இன்னும் மோசமாகும். தண்ணீர், டூல்ஸ் போன்ற கனமான பொருட்கள் சீட்டை ஒட்டித் தாழ்வாக இருப்பதே நல்லது.

அடுத்தது காற்று. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ எடையை அழுத்தத்தால் வகுத்தால் வருவது. பின்சக்கரத்தில் 160 கிலோ, 32 பிஎஸ்ஐ என்றால் 70 சதுர செ.மீ.க்குச் சற்று மேல். 22 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் 100-ஐத் தாண்டும். மண்ணிலும் சரளையிலும் பிடிப்பு கூடுவது இதனால்தான். அதற்காக 18-க்குக் கீழே போகாதீர்கள். கூரான கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரண்டு ஓட்டை விழும். அழுத்தம் மிகக் குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபையும் இழுத்து வால்வைப் பிய்த்துவிடும். தார் சாலைக்குத் திரும்பியதும் பழையபடி காற்றை ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறும்.

சாதாரண ஸ்போக் ரிம்மில் ஸ்போக் துளைகள் வழியே காற்று கசியும் என்பதால் டியூப் கட்டாயம். எனவே இரண்டு டயர் லீவர், பஞ்சர் பேட்ச், பம்ப், ஆக்சில் ஸ்பேனர் கூடவே இருக்கட்டும். டியூப் ஒன்றுதான் எடுத்துப் போக முடியும் என்றால் 21 அங்குலத்தை எடுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்தில் மடித்துத் திணித்து மெதுவாக அடுத்த ஊர்வரை போய்விடலாம். பின்சக்கரத்தின் 17 அல்லது 18 அங்குல டியூபை முன்னால் போடுவது அவ்வளவு சுலபமில்லை. கரடுமுரடான நாளின் முடிவில் ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது.

மலை உயரத்தில் என்ஜின் திணறுவது பழுதல்ல. லடாக்கின் கர்துங் லா 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். பியூயல் இஞ்செக்ஷன் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரியாக வைக்கும். இழந்த சக்தியைத் திருப்பித் தராது. 24 குதிரைத்திறன் 13 போல ஆகிவிடும். கீழ் கியரில் ஆர்பிஎம்மைத் தக்கவைத்து ஏறுங்கள்.

நகர்வு அதிகமுள்ள வண்டியில் செயினை இறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. செயின் ஓடும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் திரும்பும் புள்ளியான பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும்போது கச்சிதமாகத் தோன்றும் செயின், பள்ளத்தில் அமுங்கும்போது கியர்பாக்ஸிலிருந்து செயினைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் பேரிங்கை இழுக்கும். நாளடைவில் அங்கே ஆயில் கசியும். செயினைச் சரிசெய்த பிறகு, மூன்று புள்ளிகளும் நேர்கோட்டுக்கு வரும்வரை இருவரை உட்காரவைத்து, அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு மிச்சமிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்.