பிக்சல் எல்இடி: எண்ண வேண்டியது விளக்கையா, சில்லையா?

கோயில் திருவிழாக்களில் நிறம் மாறி ஓடும் சாமி உருவ அலங்காரத்தைச் சீரியல் செட் போடுபவர்கள் இப்போது ‘பிக்சல் போர்டு’ என்கிறார்கள். பிக்சல் ஓர் ஒட்டுச்சொல். படங்கள் என்பதன் பேச்சுச் சுருக்கமான ‘பிக்ஸ்’, கூறு எனப் பொருள்படும் ‘எலிமென்ட்’டின் தலைப்பகுதி, இரண்டும் சேர்ந்தது. 1965-இல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் விண்கலப் படங்களைக் கையாண்ட ஃபிரெட் பில்லிங்ஸ்லியின் கட்டுரைகளில் அச்சேறியது. அதையும் அவர் வேறொருவரிடம் கேட்டுத்தான் எடுத்தாண்டார். ஜெர்மன் மொழியில் அதற்கு முன்பே ‘பில்ட்புங்க்ட்’ இருந்தது; அப்படியே நம் ‘படப்புள்ளி’. ‘படவணு’வும் வழக்கில் உண்டு.

திரைக்கு இவை சரி. விளக்குத் தொழிலில் பிக்சல் என்பது ஓர் இயக்கிச் சில்லு (டிரைவர் சிப்) தனியாக ஆளும் பங்கு. டபிள்யூஎஸ்2812பி என்ற எல்இடி வகையில் சில்லு விளக்குக்குள்ளேயே இருக்கிறது. ஒரு விளக்கு, ஒரு பிக்சல். 12 வோல்ட் டபிள்யூஎஸ்2811 பட்டையில் பெரும்பாலும் மூன்று எல்இடிக்கு ஒரு சில்லு. மீட்டருக்கு 60 எல்இடி என்றால் பிக்சல் 20 தான். கன்ட்ரோலரில் 60 என்று பதிந்தால் வடிவத்தின் முதல் மூன்றிலொரு பங்கு மட்டுமே பட்டையில் தெரியும். படம் எதுவும் இல்லாத இடத்தில் ‘படப்புள்ளி’ ஒட்டவில்லை. ‘ஒளிப்புள்ளி’ என்பதே பொருத்தம்.

இதோடு வரும் ‘அட்ரஸபிள்’ என்ற அடைமொழியை ‘முகவரியிடத்தக்க’ என்று பெயர்க்கிறார்கள். சிக்கல் இங்கேதான்: டபிள்யூஎஸ் வகைச் சில்லுகளுக்கு முகவரியே கிடையாது. வரும் தரவில் முதல் 24 பிட்டை ஒரு சில்லு தனக்கென வைத்துக்கொண்டு, மீதியைச் சீராக்கி அடுத்ததற்கு அனுப்பும். வரிசையில் எத்தனையாவது என்பதே அதன் அடையாளம். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோநொடி. அதில் 0.4 மைக்ரோநொடி மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் சுழி, 0.8 என்றால் ஒன்று. ஆக, ஒரு பிக்சலுக்கு 30 மைக்ரோநொடி. 1,000 பிக்சலை ஒரே சரமாக மாட்டினால் நொடிக்கு 33 சட்டகங்களுக்கு (ஃபிரேம்) மேல் போகாது. 2,000 ஆனால் அதில் பாதி, ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். சரத்தைப் பிரித்து கன்ட்ரோலரின் வேறு போர்ட்டில் மாட்டுவதுதான் வழி.

நடுவில் ஒரு சில்லு செத்தால் அதற்குப் பிந்தியவை எல்லாம் இருளும், அல்லது கடைசியாக வாங்கிய நிறத்தில் உறையும். எரியும் கடைசி பிக்சலையும் அணைந்த முதல் பிக்சலையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும். முன்னதன் வெளியீட்டு முனை போயிருக்கலாம். டபிள்யூஎஸ்2813, 2815 சில்லுகளில் மாற்றுத் தரவுக் கம்பி உண்டு. ஒன்று போனாலும் ஓடும், அடுத்தடுத்து இரண்டு போனால் நிற்கும்.

மெய்யாகவே முகவரி உடையவை யூசிஎஸ்512 போன்ற டிஎம்எக்ஸ் சில்லுகள். மேடை விளக்குகளுக்காக 1986-இல் வந்த டிஎம்எக்ஸ்512 நெறிமுறை 512 தடங்கள் (சேனல்) கொண்டது; மூன்று நிறம் வீதம் 170 பிக்சல், இரண்டு தடம் மிச்சம். தரவுக் கம்பி எல்லாச் சில்லுக்கும் பொது என்பதால் ஒன்று செத்தாலும் மற்றவை எரியும். ஆனால் மாற்றிப்போடும் சில்லுக்கு முகவரி எழுத மறந்தால் அது தப்பான இடத்து நிறத்தைக் காட்டும். டபிள்யூஎஸ் வகையை ‘வரிசை ஒளிப்புள்ளி’ என்றும் இதை ‘முகவரி ஒளிப்புள்ளி’ என்றும் பிரித்துச் சொன்னால் வாங்கும்போதே குழப்பம் தீரும்.

எந்தச் சில்லானாலும் மின்சாரக் கணக்கு முதலில். 5 வோல்ட் டபிள்யூஎஸ்2812பி முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 50 பிக்சலுக்கு 3 ஆம்பியர். தொலைமுனை வெள்ளை மஞ்சளாகி, பிறகு சிவப்படித்தால் மின்னழுத்தம் இறங்கிவிட்டது. நீலமும் பச்சையும்தான் முதலில் மங்கும். மறுமுனையிலும் மின்சாரம் கொடுக்க வேண்டும். சரம் கண்டபடி மினுக்கினால் முதலில் கிரவுண்ட் கம்பியைப் பார்க்கவும்: கன்ட்ரோலருக்கும் பவர் சப்ளைக்கும் அது பொதுவாக இருக்க வேண்டும். அடுத்து தரவுக் கம்பியின் மின்னழுத்தம்: 5 வோல்ட் சில்லு 3.5 வோல்ட்டாவது எதிர்பார்க்கும், கன்ட்ரோலராகப் பயன்படும் இஎஸ்பி32 சில்லு தருவதோ 3.3. மேசையில் ஓடியது பந்தலில் ஓடாமல் போவது இதனால்தான். நடுவே தரவின் மின்னழுத்தத்தை உயர்த்த 5 வோல்ட்டில் இயங்கும் ஒரு 74எச்சிடி245 சில்லு, முதல் பிக்சலை ஒட்டி 330 முதல் 470 ஓம் ரெசிஸ்டர் போதும். சிவப்பு கேட்டால் பச்சை வருகிறதா? வயரிங்கைத் தொட வேண்டாம். 2812பி பச்சையைத்தான் முதலில் வாங்கும். மென்பொருளில் நிற வரிசையை மாற்றுங்கள்.