மயிரிழையில் பாதி

1947ஆம் ஆண்டுக் கோடையில் செவ்ரோலெட் நிறுவனம் அமெரிக்காவில் புதிய வரிசைப் பிக்கப் வண்டிகளை வெளியிட்டபோது, உருண்டு திரண்ட உடல்தான் புதியது. மூடிக்கு அடியில் இருந்தது பத்து ஆண்டுப் பழைய இன்ஜின்தான். 1937இல் அறிமுகமான அந்த இன்ஜினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் விட்டம் 88.9 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 95.25 மி.மீ.; மொத்தக் கொள்ளளவு 216.5 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3,550 கன செ.மீ. அத்தனை பெரிய உடம்பிலிருந்து கிடைத்த திறன் 90 குதிரைத்திறன் மட்டுமே என்றாலும், அரை டன் வகையான 3100 பிக்கப் 1953 வரை இதையே சுமந்து ஓடியது. டொயோட்டா 1930களின் நடுவில் உருவாக்கிய தன் முதல் இன்ஜினுக்கு மாதிரியாகக் கொண்டதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்ரோலெட் ஆறு சிலிண்டர் இன்ஜின்தான் என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.

இந்த இன்ஜினைக் கழற்றிப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையை அமெரிக்காவில் பலர் இன்றும் தங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையிலேயே செய்கிறார்கள். கணினியோ உணர்கருவியோ எதுவும் இல்லாத இயந்திரம் என்பதால் அது இயலுகிறது. ஆனால், புதுப்பிப்பது என்றால் உண்மையில் எதைப் புதுப்பிக்கிறோம்? வார்ப்பிரும்புக் கட்டை எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது. கெட்டுப்போனது உலோகம் அன்று; ஓர் உலோகத்துக்கும் இன்னோர் உலோகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 0.07 மி.மீ. என்று கொண்டால், இந்த இன்ஜினின் முக்கியமான இடைவெளிகள் பலவும் அதில் பாதி அளவு உடையவை. அவை இரு மடங்கானால் இன்ஜின் தட்டத் தொடங்குகிறது. இல்லாமற்போனால் உலோகத்தோடு உலோகம் இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

பிரிப்பதற்கு முன்பே நோயைக் கண்டறிய ஒரு சோதனை உண்டு. ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், அந்தச் சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியும். தனி எண்ணைவிட ஆறு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இங்கே பேசுகிறது. ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருந்தால் அதற்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால், பிஸ்டனைச் சுற்றி அமர்ந்து கசிவைத் தடுக்கும் வளையமான ரிங்கைச் சுற்றியிருந்த கசிவை எண்ணெய் தற்காலிகமாக அடைத்திருக்கிறது என்று பொருள். உயராவிட்டால் கசிவு மேலே, வால்வில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கசிவுத்தடுப்புத் தகடு) எரிந்து வழி விட்டிருக்கக்கூடும்.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல்விளிம்பை விரல் நகத்தால் வருடிப் பார்த்தால் ஒரு சிறு திட்டு தட்டுப்படும். அதற்கு மேலே ரிங் ஒருபோதும் சென்றதில்லை. கீழே பல கோடி முறை சென்று தேய்த்திருக்கிறது. தேய்மானம் அந்தத் திட்டுக்குச் சற்றுக் கீழேதான் மிகுதியாக இருக்கும் என்பதற்கு அழகான காரணம் ஒன்று உண்டு. எண்ணெய்ப் படலத்தைத் தாங்கி நிறுத்துவது வேகம். பிஸ்டன் உச்சியைத் தொட்டுத் திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழியாகிறது, படலம் மெலிகிறது. அதே இடத்தில்தான் எரிவெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கின்றன. ஆகவே சிலிண்டர் வெறுமனே அகலமாவதில்லை, மேற்பகுதியில் அதிகமாகவும் அடியில் குறைவாகவும் தேய்ந்து கூம்பாகிறது. பிஸ்டனை மேல்வழியாகத் தள்ளி எடுப்பதற்கு முன் அந்தத் திட்டை அதற்கென்று உள்ள கைக்கருவியால் சீவிவிட வேண்டும். அவசரப்பட்டுச் சுத்தியலால் தட்டுபவர்கள் ரிங்கையும், ரிங் அமரும் பிஸ்டன் பள்ளத்தின் விளிம்பையும் உடைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இன்ஜினின் தனித்தன்மை அடிவயிற்றில்தான் இருக்கிறது. எரியும் வாயுவின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது பிஸ்டன் தலைமீது விழும் சுமை இரண்டு டன்னை நெருங்கும். அந்தச் சுமை முழுவதும் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வழியாக இறங்கி, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தழுவியிருக்கும் பேரிங்கின்மீது விழுகிறது. நிமிடத்துக்கு 3,300 சுற்று என்றால் நொடிக்கு 55 சுற்று. இத்தனை வேகத்திலும் சுமையிலும் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது எப்படி?

விடை தற்செயலாகக் கிடைத்தது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் இரயில் அச்சு போன்ற ஒரு தண்டின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்து சுழன்றது. மேலே பித்தளைப் பேரிங் சுமையோடு அமர்ந்திருந்தது. மேலிருந்து எண்ணெய் விடலாம் என்று அவர் அந்தப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளையிட்டார். எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. மரத்தக்கை வைத்து அடைத்தார். தக்கையையும் அது வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்கின்மீது இருந்த சராசரிச் சுமை அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் அது காட்டியது. இதன் கணிதத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வகுத்துத் தந்தார். சுமையினால் தண்டு பேரிங்கின் நடுவிலிருந்து சற்றே விலகி நிற்பதால், இரண்டுக்கும் இடையே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி உண்டாகிறது. சுழலும் தண்டு எண்ணெயை அந்த ஆப்பின் குறுகிய முனைக்குள் இழுத்துச் செல்ல, நெரிபடும் எண்ணெய் தண்டையே தூக்கி நிறுத்துகிறது. பேரிங்கைக் காப்பாற்றும் அழுத்தத்தை பம்ப் உண்டாக்குவதில்லை, சுழற்சிதான் உண்டாக்குகிறது. பம்ப் செய்வது அங்கே எண்ணெய் இருக்குமாறு பார்த்துக்கொள்வது மட்டுமே.

இதை நினைவில் வைத்தால் செவ்ரோலெட் பொறியாளர்களின் துணிச்சல் புரியும். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் நான்கு முதன்மைப் பேரிங்குகளுக்கு அவர்கள் பம்ப் மூலம் எண்ணெய் கொடுத்தார்கள். ஆறு கனெக்டிங் ராட் பேரிங்குகளுக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ராட்டின் அடியிலும் சிறு கரண்டி போன்ற ஓர் உறுப்பைப் பொருத்தி, எண்ணெய்ச் சட்டிக்குள் அதற்கு நேர் கீழே ஒரு சிறு தொட்டியை அமைத்தார்கள். சுற்றுக்கு ஒருமுறை கரண்டி தொட்டியில் மொண்டு பேரிங்குக்குள் செலுத்துகிறது. வேகம் கூடும்போது, சட்டியில் உள்ள நுண்குழாய்கள் பீய்ச்சும் எண்ணெய்த்தாரை கரண்டியின் வாயை நேராகத் தாக்குகிறது. ஆகவே, புதுப்பிக்கும்போது கரண்டியின் உயரத்தையும் குழாய் குறிபார்க்கும் திசையையும் சரிபார்ப்பது அலங்கார வேலை அன்று. சட்டியைக் கழற்றும்போது எதன்மீதாவது இடித்து ஒரு குழாய் வளைந்துவிட்டால், அந்த ஒரு பேரிங் மட்டும் பட்டினி கிடக்கும்.

ராட்டுகளில் தனிப் பேரிங் தகடும் கிடையாது. வெள்ளீயத்தோடு ஆண்டிமனியும் செம்பும் சேர்ந்த பாபிட் கலவையை உருக்கி ராட்டின் துளையிலேயே வார்த்து, பிறகு கடைந்திருக்கிறார்கள். ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839இல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து இக்கலவை பெயர் பெற்றது. மென்மையான உலோகத்துக்குள் கடினமான படிகங்கள் பொதிந்திருப்பதே அதன் சிறப்பு: படிகங்கள் சுமையைத் தாங்குகின்றன, எண்ணெயோடு வரும் தூசியும் துருவலும் மென்பகுதிக்குள் புதைந்துபோய், ஷாஃப்டைக் கீறாமல் அடங்கிவிடுகின்றன. எண்ணெய் வற்றிப்போனால் முதலில் உருகுவதும் இந்தக் கலவைதான். விலைமிகுந்த ஷாஃப்டுக்காக அது தன்னை இழக்கிறது.

பாபிட் தேயும் என்று தெரிந்தே, ராட்டுக்கும் அதன் அடிமூடிக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகளை வைத்திருக்கிறார்கள். இருபுறமும் 0.002 அங்குலத் தகடு ஒவ்வொன்றை உருவினால், இடைவெளியும் அந்த அளவுக்குக் குறையும். இடைவெளியை அளக்கும் முறை எளிமையானது, கூர்மையானது. பிளாஸ்டிகேஜ் எனப்படும் மெழுகு போன்ற இழை ஒன்றை ஷாஃப்டின்மீது வைத்து, மூடியை உரிய இறுக்கத்தில் முடுக்கி, ஷாஃப்டைச் சுழற்றாமல் மீண்டும் கழற்ற வேண்டும். இழையின் கன அளவு மாறாது என்பதால், இடைவெளி குறுகக் குறுக நசுங்கிய பட்டை அகலமாகும். அந்த அகலத்தை உறையிலுள்ள அளவுக்கோட்டோடு ஒப்பிட்டால் 0.0015 அங்குலத்தையும் வெறுங்கண்ணால் படிக்கலாம். மி.மீ. கணக்கில் அது 0.038, மயிரிழையில் பாதி.

ஷிம் வித்தைக்கும் எல்லை உண்டு. எரிப்பின் அடி இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரே கோணத்தில் விழுவதால் ஷாஃப்டின் கழுத்து, அதாவது பேரிங் தழுவும் பகுதி, நாளடைவில் நீள்வட்டமாகிறது. நீள்வட்டக் கழுத்துக்கு எந்தத் தகடும் மருந்தாகாது. மைக்ரோமீட்டரில் அது தெரிந்துவிட்டால் ஷாஃப்ட் கடைசல் பட்டறைக்குப் போய்த்தான் தீர வேண்டும். சிலிண்டர் போரிங் போடுவதும் (உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்துவதும்), பாபிட் வார்ப்பதும் அப்படியே. வீட்டிலேயே எல்லாம் செய்தேன் என்று பெருமை பேசுபவர்களின் இன்ஜினிலும் இம்மூன்றும் பட்டறையில் நடந்தவையாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

பட்டறையிலிருந்து திரும்பிய சிலிண்டர் கண்ணாடிபோல் மின்னக் கூடாது. சாணைக்கற்களைச் சுழற்றியபடியே மேலும் கீழும் இழுத்து, ஒன்றையொன்று வெட்டும் சாய்கோடுகளைச் சுவரெங்கும் பதிக்கிறார்கள். அக்கோடுகளின் பள்ளங்கள் எண்ணெயைப் பிடித்துவைக்கின்றன; மேடுகள் புதிய ரிங்கின் முகத்தைத் தேய்த்து, தாமும் தேய்ந்து, இரண்டையும் பொருத்தமாக்குகின்றன. ரிங்கிலும் ஓர் இடைவெளிக் கணக்கு உண்டு. அதன் வெட்டுவாயின் இரு முனைகளும் சிலிண்டருக்குள் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.004 அங்குலம் விலகியிருக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கு. மூன்றரை அங்குல விட்டத்துக்கு 0.014 அங்குலம், அதாவது 0.36 மி.மீ. இதன் காரணத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ரிங்கின் சுற்றளவு ஏறத்தாழ 279 மி.மீ. வார்ப்பிரும்பு ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 11 பங்கு நீள்கிறது. ரிங் சிலிண்டர் சுவரைவிட 100 பாகை கூடுதலாகச் சூடானால் அது 0.31 மி.மீ. நீளும். வெட்டுவாயில் விட்டுவைத்த இடைவெளி அதனை மயிரிழையில் ஏற்கிறது. விடாமல் இருந்தால் முனைகள் முட்டி, ரிங் சுவரைக் கிழித்துவிடும்.

வால்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புகைபோக்கி வால்வு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை மூடியிருக்கும் நேரத்தில்தான் தான் அமரும் இருக்கைக்குக் கொடுத்து ஆறுகிறது. அதனால்தான், சூடான நிலையில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.006 அங்குலமும் புகைபோக்கி வால்வுக்கு 0.013 அங்குலமும், வால்வின் முனைக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே, தளர்வு வைக்கிறார்கள். கூடுதலாகச் சூடாகும் வால்வு கூடுதலாக நீளும். அக்காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே மெல்லிய காப்புப் படிவாகவும் இருந்தது. அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈய பெட்ரோல் 1996 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டதால், சிலர் கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பொருத்துகிறார்கள். வாரம் ஒருமுறை கடைத்தெருவுக்குப் போய்வரும் பிக்கப்புக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

ஹெட்டைப் பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சுருள்வில்லைப் போல் நீண்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். நாம் அளப்பது அந்த நீட்சியை அன்று, ஸ்பேனரைத் திருப்பும் விசையை. அவ்விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வாகவே செலவாகிறது. மிஞ்சிய ஒரு பங்குதான் பிடிப்பாகிறது. எனவே துருப்பிடித்த மரையில் ஸ்பேனர் சரியான எண்ணைக் காட்டினாலும் பிடிப்பு பாதியாக இருக்கலாம். மரைகளைத் துலக்கி எண்ணெயிட்டு, நடுவிலிருந்து இருபுறமும் விரிந்து செல்லும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக முடுக்குகிறார்கள்.

சட்டியைப் பூட்டுவதற்கு முன் தொட்டிகள் ஆறிலும் எண்ணெய் ஊற்றி நிரப்ப வேண்டும். முதல் சுற்றிலேயே கரண்டிகளுக்கு மொள்ள ஏதேனும் வேண்டுமே! முதலில் ஓட்டும்போது இன்ஜினை மணிக்கணக்கில் சும்மா உறுமவிடுவதும் தவறு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மட்டுமன்று. ரிங்கின் முதுகுப்புறம் புகும் எரியும் வாயுவும்தான். சுமையில்லாமல் ஓடும் இன்ஜினில் அந்த அழுத்தம் குறைவு என்பதால், மேடுகள் தேய்ந்து பொருந்துவதற்குள் சுவரில் எண்ணெய்ப் பூச்சு கெட்டிப்பட்டுவிடும். மிதமான சுமையோடு, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் சாலையில் ஓட்டுவதே நல்லது.

அப்போது ஓட்டுநரின் கண் எண்ணெய் அழுத்தமானிக்குப் போகும். அதன் முள் சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு அளவில் நிற்கக் கண்டு, இக்காலத்து வண்டி ஓட்டியவர்கள் பதறுவதுண்டு. இந்த இன்ஜினுக்கு அது இயல்பான அளவுதான். மானியின் முழு அளவே 30 வரைதான். ஆனால் அந்த முள் முதன்மைப் பேரிங்குகளுக்குச் செல்லும் எண்ணெயை மட்டுமே அறியும். ஆறு ராட் பேரிங்குகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவற்றை அறிய, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, சுமை விலகும் அந்தக் கணத்தில் அடிவயிற்றிலிருந்து மெல்லிய தட்டல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள்.