முன்னோட்டத்தில் மறைந்த பச்சை, எக்ஸ்போர்ட்டில் ஏன் திரும்பி வருகிறது?

டைம்லைனில் பார்க்கும்போது கிரீன்மேட், அதாவது ஆளுக்குப் பின்னால் கட்டிய பச்சைத் திரை, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். ஆளுக்குப் பின்னால் வைத்த படம் சரியாகப் பொருந்தியிருக்கும். எக்ஸ்போர்ட் முடிந்து கோப்பைத் திறந்தால் பின்னணி முழுக்கக் கறுப்பு. இல்லையென்றால் தலைமுடியைச் சுற்றி ஓர் அழுக்குக் கோடு. அதுவும் இல்லையென்றால் ரெண்டர் (ஃபிரேம்களைக் கணக்கிட்டுக் கோப்பாக எழுதும் வேலை) 37 சதவீதத்திலேயே நின்று போயிருக்கும். இவை வெவ்வேறு கோளாறுகள். ஆனால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: முன்னோட்டம் திரைக்கு வரும் வழி வேறு, கோப்பு வட்டில் எழுதப்படும் வழி வேறு.

திரையின் நிறத்தை வைத்து ஆளை வெட்டியெடுக்கும் கீயிங் என்பது அடிப்படையில் ஒரு கழித்தல் கணக்கு. 1950களின் இறுதியில் பெட்ரோ விளாஹோஸ் ஃபிலிம் காலத்து நீலத்திரைக்காக உருவாக்கிய வண்ண வேறுபாட்டு முறைதான் இன்றைய பல கீயர்களுக்கும் அடித்தளம். பச்சைத் துணியின் ஒரு பிக்சலில் சிவப்பு 40, பச்சை 180, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். பச்சையிலிருந்து மற்ற இரண்டில் பெரியதைக் கழித்தால் 120. இது முழுத் திரை, ஆகவே முழுவதும் மறைய வேண்டும். முகத்தில் சிவப்பு 200, பச்சை 150, நீலம் 120 இருந்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அது ஆள், அப்படியே நிற்க வேண்டும். முடி நுனியில் விடை 60 வந்தால் அந்த பிக்சல் பாதி ஆள், பாதி திரை. இப்படி ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளிபுகா அளவைத்தான் ஆல்பா என்கிறோம். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றோடு சேரும் நான்காவது தடம் அது.

வழக்கமாக எம்பி4 கோப்பில் நாம் எழுதும் எச்.264 என்ற கோடெக்கில் (படத்தைச் சுருக்கி எழுதும் முறை) இந்த நான்காவது தடத்துக்கு இடமே இல்லை. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் ஆல்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, காலியான இடத்தைக் கறுப்பால் நிரப்பும். பின்னணியையும் சேர்த்தே எக்ஸ்போர்ட் செய்தால் இதனால் பாதகமில்லை. ஆளை மட்டும் வெட்டி வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஆல்பாவைச் சுமக்கும் கோடெக் வேண்டும்: எம்ஓவி கோப்பில் ப்ரோரெஸ் 4444 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் 444, இணையதளத்துக்கு விபி9 வெப்எம், இல்லாவிட்டால் பிஎன்ஜி படவரிசை. ப்ரோரெஸ் 422-ஐத் தேர்ந்தெடுத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பெயரில் ப்ரோரெஸ் இருந்தாலும் அதில் ஆல்பா கிடையாது.

கோடெக் சரியாக இருந்தும் கறுப்பே வந்தால், தடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அவுட்புட் மாட்யூலைத் திறந்து, சேனல்ஸ் என்ற இடத்தில் ஆர்ஜிபி பிளஸ் ஆல்பா இருக்க வேண்டும். இயல்பாக அங்கே இருப்பது வெறும் ஆர்ஜிபி. டாவின்சி ரிசால்வில் இரண்டு கதவுகளைத் திறக்க வேண்டும். கலர் பக்கத்தில் நோடுகளுக்கு (ஒவ்வொரு திருத்தத்தையும் குறிக்கும் கட்டங்கள்) நடுவே காலி இடத்தில் வலது சொடுக்கி ஆட் ஆல்பா அவுட்புட் கொடுத்து, கீ எடுத்த நோடின் நீலச் சதுரத்தை அதோடு இணைக்க வேண்டும். பிறகு டெலிவர் பக்கத்தில் எக்ஸ்போர்ட் ஆல்பா பெட்டியைத் தட்ட வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் வேலை நடக்காது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக வந்திருந்தால் அது இன்னும் எளிய தவறு: ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு வரும் கீயரான கீலைட்டில் வியூ என்பதை ஸ்கிரீன் மேட்டில் (ஆல்பாவை மட்டும் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் காட்சி) வைத்துச் சரிபார்த்தவர், அதைத் திரும்ப ஃபைனல் ரிசல்ட்டுக்கு மாற்ற மறந்திருக்கிறார்.

விளிம்பில் வரும் கறுப்புக் கோடு விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பலர் இதைக் கீயின் குறை என்று நினைத்து விளிம்பை உள்ளே சுருக்கும் சோக் அளவைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் முடியையே இழந்துவிடுகிறார்கள். உண்மையில் இது பெருக்கலில் வரும் பிழை. ஆல்பாவை எழுத இரண்டு மரபுகள் உண்டு. ஸ்ட்ரெய்ட் முறையில் நிறம் அப்படியே இருக்கும், ஆல்பா தனியாக இருக்கும். பிரீமல்டிப்ளைடு முறையில் நிறத்தை ஆல்பாவால் முன்கூட்டியே பெருக்கி எழுதியிருப்பார்கள்.

வெள்ளைச் சட்டையின் விளிம்பில் நிறம் 200, ஆல்பா பாதி, பின்னால் வைக்கும் படத்தின் நிறம் 100 என்று கொள்வோம். சரியான விடை 100 கூட்டல் 50, அதாவது 150. பிரீமல்டிப்ளைடு கோப்பில் அந்த நிறம் ஏற்கெனவே 100 ஆகப் பாதியாகியிருக்கும். கோப்பைத் திறக்கும் மென்பொருள் அதை ஸ்ட்ரெய்ட் என்று நினைத்து இன்னொரு முறை பாதியாக்கினால் 50 கூட்டல் 50, விடை 100. விளிம்பு கறுக்கிறது. தலைகீழாக, ஸ்ட்ரெய்ட் கோப்பை பிரீமல்டிப்ளைடு என்று படித்தால் 200 கூட்டல் 50, விடை 250. ஆளைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும். இருண்ட கோடா, வெளிர் கோடா என்று பார்த்தாலே பிழை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கோப்பைத் தேர்ந்தெடுத்து இன்டர்பிரட் ஃபுட்டேஜுக்குள் போய் ஆல்பா வகையை மாற்றினால் போதும், மறு ரெண்டர் தேவையில்லை. ஸ்ட்ரெய்ட் கோப்பைச் சாதாரண பிளேயரில் திறந்தால் விளிம்புகள் பிய்ந்து, நிறம் வெளியே வழிந்தது போலத் தெரியும். ஆல்பாவைக் கணக்கில் எடுக்காத பிளேயரில் அப்படித்தான் தெரியும். அதைக் கண்டு கோப்பை அழித்துவிட வேண்டாம்.

விளிம்பு கொதிப்பது வேறு நோய். ஒரு ஃபிரேமில் சுத்தமாக இருக்கும் தோள் வரி, ஓடும்போது எறும்பு மொய்ப்பது போல நடுங்கும். பெரும்பாலான ஃபோன்களும் விலை குறைந்த கேமராக்களும் பதிவு செய்வது 8 பிட் 4:2:0. அதில் 1920க்கு 1080 படத்தின் வெளிச்சம் முழு அளவில் இருக்கும், நிறம் 960க்கு 540 மட்டுமே. நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம். கீயரோ நிறத்தை நம்பித்தான் வெட்டுகிறது, ஆகவே வெட்டும் படிக்கட்டாகத்தான் விழும். அரை அளவு முன்னோட்டத்தில் இது தெரியாது. படம் சுருங்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து, படத்தில் மினுக்கும் புள்ளிகளான இரைச்சல் அடங்கிவிடும், முழு அளவில் எக்ஸ்போர்ட் ஆகும்போது எல்லாம் மேலே வரும். வேகமாக வேலை செய்ய எடுத்த சிறு நகலான ப்ராக்சி கோப்பின் மேல் கீ எடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அளவுகளைப் பொருத்தியது ஒரு படத்துக்கு, ரெண்டர் ஆவது இன்னொன்று. கீ அளவுகளை மூலக் கோப்பில், நூறு சதவீதத்தில், ஓடவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கீலைட்டோடு விளிம்பைச் சீராக்கும் கீ கிளீனரும் பச்சைச் சாயலை நீக்கும் அட்வான்ஸ்டு ஸ்பில் சப்ரெசரும் சேர்ந்த ஆயத்த அமைப்பு ஒன்று இருக்கிறது. சுருக்கப்பட்ட கோப்புகளுக்கு அதில் தொடங்குவது நல்லது.

இனி நின்று போகும் ரெண்டர். முதலில் அது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 25 ஃபிரேம் வீதம் 4 நிமிடப் படம் என்றால் 6,000 ஃபிரேம். 37 சதவீதம் என்பது 2,220ஆவது ஃபிரேம், அதாவது 1 நிமிடம் 29 வினாடிக்குச் சற்று முன். சதவீதக் காட்டி துல்லியமானதல்ல, ஆகவே சுற்றி ஐந்தைந்து வினாடியைப் பாருங்கள். மறுபடி ஓட்டும்போதும் அதே இடத்தில் நின்றால் அங்கே கெட்டுப்போன மூல ஃபிரேமோ முரண்டு பிடிக்கும் எஃபெக்டோ இருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து, எஃபெக்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பிடிபடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் நினைவகம், சூடு, கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் தேட வேண்டும்.

நினைவகக் கணக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். 3840க்கு 2160 படம், நான்கு தடம், ஒவ்வொன்றும் 32 பிட் என்றால் ஒரே ஃபிரேம் சுமார் 133 மெகாபைட். இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஃபிரேம் கேட்டால் அந்த ஐந்துக்கு மட்டும் 660 மெகாபைட்டுக்கு மேல். அரை அளவு முன்னோட்டத்தில் நீளமும் அகலமும் பாதியாவதால் நினைவகம் கால் பங்குதான் செலவாகும். அதனால்தான் அங்கே ஓடியது இங்கே ஓடவில்லை. இரைச்சல் நீக்கத்தைத் தனிக் கோப்பாக முதலில் ரெண்டர் செய்துவிட்டு, அதன் மேல் கீ எடுங்கள். அதற்கும் நின்றால் ஹார்டுவேர் என்கோடிங்கை (கிராஃபிக்ஸ் சில்லே கோப்பைச் சுருக்குவது) அணைத்து சாஃப்ட்வேருக்கு மாற்றுங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் முடியும்.

தொடங்கவே மறுத்தால் படத்தின் அளவைப் பாருங்கள். 4:2:0-வில் நிறம் இரண்டிரண்டு பிக்சலாகத் தொகுக்கப்படுவதால் அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். 1080 உயரப் படத்திலிருந்து 9க்கு 16 செங்குத்துத் துண்டு வெட்டினால் அகலம் 607.5 வரும். 607 என்று வைத்தால் பல என்கோடர்கள் மறுக்கும், 608 வையுங்கள். கோப்பு 4 ஜிபியை நெருங்கும்போது அறுந்தால் வட்டு ஃபேட்32 என்ற பழைய அமைப்பு முறையில் இருக்கலாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 1920க்கு 1080 ப்ரோரெஸ் 4444, வினாடிக்கு 29.97 ஃபிரேமில், ஆல்பா இல்லாமலே வினாடிக்குச் சுமார் 330 மெகாபிட் எடுக்கும். அந்த எல்லையை இரண்டு நிமிடத்துக்குள் தொட்டுவிடும். வட்டை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றலாம், ஆனால் அதிலுள்ளவை அழிந்துபோகும் என்பதால் முதலில் நகல் எடுங்கள்.

நீளமான கிரீன்மேட் வேலைக்குப் படவரிசையே எங்கள் பரிந்துரை. 4,311ஆவது ஃபிரேமில் மின்சாரம் போனாலும் 4,310 படங்கள் பத்திரமாக இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திரும்பக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனியுங்கள். படவரிசைக்குள் ஃபிரேம் வேகம் எழுதப்பட்டிருக்காது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இயல்பாக 30 என்று எடுத்துக்கொள்ளும். 25-இல் எடுத்த 6,000 ஃபிரேம் அப்போது 4 நிமிடத்துக்குப் பதில் 3 நிமிடம் 20 வினாடியில் ஓடி முடியும், உதட்டசைவு குரலை முந்திக்கொண்டே போகும். இதற்கும் அதே இன்டர்பிரட் ஃபுட்டேஜில் 25 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.