கேம்பர் கூரையில் ஒரு கையகல நிழல்

சோலார் பேனல்களைத் தொடரிணைப்பில் (ஒன்றன்பின் ஒன்றாக, வோல்ட் கூடும்படி) கொடுப்பதா, பக்க இணைப்பில் (இணையாக, ஆம்பியர் கூடும்படி) கொடுப்பதா என்று கேட்டு வருகிறவர்களில் பலர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "கூரையில் நிழல் விழும், அதனால் பக்க இணைப்புதானே சரி?" அது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் புதுப் பேனலும் பெரிய பேட்டரியும் வாங்கிப் பணத்தை வீணாக்கியவர்களைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு கேம்பர், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வேன், வந்தது. கூரையில் 100 வாட் பேனல்கள் இரண்டு, பக்க இணைப்பில். உள்ளே 12 வோல்ட் பேட்டரி, நல்ல எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கேற்ற மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவி). வெயில் கொளுத்தும் நாளில்கூட மாலைக்குள் பேட்டரி நிறைவதில்லை, விடிவதற்குள் குளிர்பெட்டி நின்றுவிடுகிறது என்றார் உரிமையாளர். பேட்டரியை மாற்றிவிடுவதென்று முடிவே செய்திருந்தார். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு பேனலின் கம்பியிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். ஒன்றில் 5 ஆம்பியர். மற்றதில் அரை ஆம்பியர். பக்கத்திலிருந்த காற்றோட்ட விசிறியின் நிழல், அந்தப் பேனலின் குறுகிய விளிம்பை ஒட்டிய நான்கு செல்களின் மேல் படிந்து கிடந்தது. கையகலம்தான். முழுப் பேனலையும் முடக்க அது போதும்.

காரணம் பேனலுக்குள்ளேயே இருக்கிறது. இவ்வகைப் பேனலில் 36 செல்கள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் நீளவாக்கில் நான்கு வரிசைகள், வரிசைக்கு 9 செல்கள். சங்கிலியில் ஒரு செல் இருட்டில் விழுந்தாலும் மின்னோட்டம் அங்கே நெரிபடும். அதற்காகத்தான் பின்புறப் பெட்டியில் இரண்டு வரிசைகளுக்கு ஒன்றாக இரண்டு பைபாஸ் டையோடுகளை வைக்கிறார்கள். நிழல் பட்ட 18 செல்களை ஒதுக்கிவிட்டு மின்னோட்டம் டையோடு வழியே போய்விடும். டையோடு பழுதாகிவிட்டால் மற்ற செல்களின் ஆற்றல் அந்த ஒரு செல்லில் வெப்பமாக இறங்கி, அதைக் கருக்கிவிடும். பழைய பேனல்களில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள்.

இப்போது அந்த நிழலைக் கவனியுங்கள். குறுகிய விளிம்பில் குறுக்காக விழுந்ததால் நான்கு வரிசைகளையும் ஒருசேரத் தொட்டது. இரண்டு பாதிகளும் போயின. அதே நிழல் நீளமான விளிம்பை ஒட்டி விழுந்திருந்தால் ஒரு பாதிதான் போகும். முழுப் பேனல் வேலை செய்யும்போது தருவது 18 வோல்ட்; மறுபாதி 9 வோல்ட் அளவில் உயிரோடு இருக்கும். ஆனால் பக்க இணைப்பில் அந்த 9 வோல்ட்டால் பயனில்லை. பக்கத்துப் பேனல் 18 வோல்ட்டில் நிற்கும்போது இதனால் உடன் சேர முடியாது. தனியாக 12 வோல்ட் பேட்டரியை நிரப்பவும் முடியாது. தொடரிணைப்பில் கதை வேறு. 18-உம் 9-உம் சேர்ந்து 27 வோல்ட், டையோடில் அரை வோல்ட் போனாலும் பேட்டரியைவிட வெகு உயரம். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அதை அப்படியே சார்ஜாக மாற்றிக்கொள்ளும். அந்த வேனில் நான் செய்தது இவ்வளவுதான்: பேனலைக் கழற்றி நீள விளிம்பு விசிறியைப் பார்க்கும்படி திருப்பினேன், இரண்டையும் தொடராக இணைத்தேன். இரண்டும் சேர்ந்து அதுவரை 100 வாட்டைத் தாண்டாமல் இருந்தது, அதே நிழலில் 130 வாட்டைத் தொட்டது. பேட்டரியை மாற்றவேயில்லை.

அப்படியானால் எப்போதும் தொடரிணைப்பா? இல்லை. மரக்கிளையோ சுவரோ ஒரு பேனலை முழுதாக மூடுகிற இடத்தில் பக்க இணைப்புதான் காப்பாற்றும். வெயிலில் இருக்கும் பேனல் தன் பங்கைக் குறையாமல் கொடுக்கும். வளைந்த கூரையில் பேனல்கள் வெவ்வேறு திசை பார்த்தாலும் அப்படியே. மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் என்றால் கேள்விக்கே இடமில்லை, பக்க இணைப்புதான்; அது பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடுவதால் தொடரில் கிடைத்த கூடுதல் வோல்ட் முழுதும் வீண். நிழல் நாளுக்கு நாள் இடம் மாறும் என்றால், என் தேர்வு பேனலுக்கு ஒரு சிறிய எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வைத்து இரண்டையும் ஒரே பேட்டரிக்குக் கொடுப்பது. செலவு கூடும், ஆனால் ஒரு பேனலில் விழும் நிழல் மற்றதைப் பாதிக்காது.

பேனலை ஒட்டுவதற்கு முன் கூரையில் இருக்கும் பொருள்களின் உயரத்தை அளந்துவிடுங்கள். 20 செ.மீ. உயர விசிறி, சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது சுமார் 35 செ.மீ. நிழல் வீசும். 15 பாகைக்கு இறங்கினால் 75 செ.மீ. கேம்பர் கூரையில் அது பேனலின் அகலத்தையே விழுங்கிவிடும்.

தொடரிணைப்பில் எனக்குப் பெரிய கவலை குளிர். செல் குளிர்ந்தால் வோல்ட் ஏறும், ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். சுமையில்லாதபோது 22 வோல்ட் காட்டும் பேனல்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 88 வோல்ட். அது 25 பாகையில். உறைநிலைக்குக் கீழே 10 பாகை போன விடியலில் 97-ஐ நெருங்கும். 100 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலருக்கு அது விளிம்பில் நடப்பதுதான். வரம்பை மீறினால் கன்ட்ரோலர் எரிந்துபோகும்.

பக்க இணைப்பில் கவலை மின்னோட்டம். ஆம்பியர் இரு மடங்கானால் கம்பியில் இழப்பு நான்கு மடங்கு, ஆகவே தடிமனான கம்பி வேண்டும். மூன்று பேனல்களோ அதற்கு மேலோ பக்க இணைப்பில் சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் போட்டே ஆக வேண்டும். ஒன்றில் ஷார்ட் ஆனால் மற்றவை எல்லாம் சேர்ந்து அதற்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பது பேனலின் பின்புற லேபிளில் அச்சாகியிருக்கும்.

உருகிக் கருத்த கனெக்டர்களை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மின்னோட்டம் ஓடும்போதே பிடுங்கியவை. நேர்மின்னோட்டத்தில் பொறி தானாக அணையாது. மேலே கைவைக்கும் முன் பேனல்களைத் தடித்த போர்வையால் முழுதாக மூடுங்கள். இணைக்கும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல்; கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி.