காலை ஐந்தரைக்கு வந்து பாருங்கள்

"சார், எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரே கட்சிக்குத்தான் போகுதாமே?"

பள்ளி ஆசிரியர் வேலையோடு, தேர்தல்தோறும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் உட்காருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு தேர்தலும் போனதில்லை. "மாதிரி வாக்குப்பதிவுக்கு உங்கள் கட்சி ஏஜென்ட் வந்தாரா?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால், வாக்கு இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கே. குறைந்தது 50 ஓட்டு. நோட்டா உட்பட ஒரு பெயரும் விடுபடக் கூடாது. எந்தச் சின்னத்துக்கு எத்தனை போட்டோம் என்று ஏஜென்ட்களே தாளில் குறித்துக்கொள்ளலாம். அப்புறம் ஓட்டுகள் பதிவாகும் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் கணக்கையும், போட்ட சின்னத்தை அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டுகளையும் ஒத்துப் பார்ப்போம். 'குளோஸ், ரிசல்ட், கிளியர்' (பதிவை முடி, கணக்கைப் பார், அழி) என்று பயிற்சியில் மந்திரம்போல் சொல்லிக் கொடுப்பார்கள். கடைசியாக மொத்தம் சைபர் என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு, காகித சீலில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கிய பிறகே கருவியை மூட வேண்டும்.

ஒருமுறை நானே கிளியர் பண்ண மறந்து சீலைக் கையில் எடுத்துவிட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லை, வெளியே வரிசை வேறு. "சார், இன்னும் சைபர் காட்டலையே" என்று தடுத்தவர், சின்னக் கட்சி ஒன்றின் ஏஜென்டாக வந்திருந்த ஒரு அம்மா. அவர் மட்டும் வராதிருந்தால் அந்த 50 ஓட்டும் உண்மையான ஓட்டுகளோடு கலந்திருக்கும். நாளைக்கு அதையே மோசடி என்பார்கள். ஏஜென்ட் யாரும் வராவிட்டால் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, நாங்களே நடத்த வேண்டியதுதான்.

சந்தேகம் இன்றைக்கு வந்ததல்ல. 1982ல் கேரளத்தின் பரவூரில் 50 சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாக வந்தபோதே வழக்கு வந்தது. சட்டத்தில் இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அங்கே காகிதச் சீட்டில் மறு வாக்குப்பதிவு நடந்து முடிவே மாறியது. பிறகுதான் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரம். 2004ல் நாடு முழுவதும்.

சாமானியன் தானே சரிபார்க்க முடியாத ஓட்டு ஏற்கத்தக்கதல்ல என்று 2009ல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. நம் ஊரில் 2013ல் விவிபேட் வந்தது அந்தக் குறைக்குத்தான். சீட்டு 7 நொடி தெரியும். ஆனால் நீலப் பட்டனை அமுக்கியதும் 'பீப்' கேட்கக்கூட நில்லாமல் ஓடுபவர்கள் எத்தனை பேர்! வேறு சின்னம் விழுந்ததாகத் தோன்றினால் அங்கேயே சொல்லுங்கள். எழுதி வாங்கிக்கொண்டு, ஏஜென்ட்கள் முன்னால் சோதனை ஓட்டுப் போடச் சொல்வோம். பொய் என்றால் தண்டனை உண்டு, அதையும் முன்பே சொல்லிவிடுவோம்.

சாயங்காலம் இன்னொன்று. பதிவான மொத்த ஓட்டை 17சி படிவத்தில் எழுதி, ஏஜென்ட்களுக்கு நகல் தருவோம். எண்ணும் மேசையில் கருவி காட்டும் மொத்தத்தோடு ஒத்துப் பார்க்க அவர்கள் கையில் இருக்கும் ஒரே தாள் அதுதான். கடைசியாக நான் உட்கார்ந்த சாவடியில் மூன்று நகல்கள் வாங்க ஆளில்லாமல் மேசையிலேயே கிடந்தன.